பூசமாக ஒரு வாரம்

ஜூன் 13, வியாழன்

விண்டோஸ் ஏழுக்கு இன்றோடு முழுக்கு. பாங்கு இணையதளம் என் பிரவுசர் பழையது என்று வாசலிலேயே நிறுத்துகிறது. பிரவுசரைப் புதுப்பிக்கப் போனால் விண்டோஸே பழையது என்கிறது. ஆடிட்டர் ஆபீசில் நாள் முழுக்க ஊரார் கணக்கை ஏற்றுகிறவள், சொந்த வீட்டுக் கரண்டு பில்லைக் கட்டப் போய் வரிசையில் நிற்பதா? ரோஷம் வந்து, சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் விண்டோஸ் பத்தை ஏற்ற உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். அவருக்கு அந்தக் கம்ப்யூட்டரில் இருப்பது ஒன்றே ஒன்றுதான், ஜாதக சாப்ட்வேர். சர்க்கரை ஆலை எடை மேடையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரம் சிடியில் வாங்கியது. பெருந்துறையில் எங்கள் தெருவில் யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும், பெண் பார்த்தாலும் சென்னியப்பன் வீட்டுக்குத்தான் வருவார்கள். காசு வாங்கமாட்டார். கர்வப்படுவார்.

"என்ற சாப்ட்வேருக்கு ஒண்ணும் ஆவாதுல்ல அம்மிணி?" என்று கேட்டார். ஆவாதுங்கப்பா என்று சொல்லிவைத்தேன்.

எல்லாம் முடிந்த பிறகு பார்த்தால், பிடிக்காவிட்டால் பத்து நாளைக்குள் பழையதற்கே திரும்பலாம் என்று ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். நமக்கு அதற்கெல்லாம் அவசியம் வராது.

சாப்பாடு முடிந்ததும் லோகநாதன் பேசினார். காங்கேயத்தில் மோட்டார் பம்ப் கடை வைத்திருக்கிறார். அவரைத்தான் எனக்குப் பேசி முடித்திருக்கிறார்கள். ஆனிக் கடைசியில் நிச்சயம், எங்கள் பக்கத்தில் உறுதி வார்த்தை என்பார்கள். பேசியதில் விசேஷமாக ஒன்றும் இல்லை. முக்கால் மணி நேரம் பேசினோம்.

ஜூன் 14, வெள்ளி

அப்பாவின் சாப்ட்வேர் திறக்கவில்லை. அப்பாவும் என்னோடு பேசவில்லை.

ஜூன் 15, சனி

இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் அரை நாள் லீவு போட்டு வந்து, இணையத்திலிருந்து வேறொரு ஜாதக சாப்ட்வேரை இறக்கினேன். படமெல்லாம் பளிச்சென்று இருந்தது. அப்பா சந்தைக்குப் போயிருந்தார். சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க யாராவது ஒருவருடைய பிறந்த தேதி வேண்டும். எனக்கு என்னுடையதுதான் மனப்பாடம். பெயர் கோகிலவாணி என்று அடித்தேன். தேதி, நேரம், ஊர். பொத்தானை அமுக்கினேன்.

நட்சத்திரம் பூசம் என்று வந்தது.

தப்பாக அடித்துவிட்டேன் என்று மறுபடி அடித்தேன். பூசம். மூன்றாவது தடவை ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுச் சொல்லி அடித்தேன். பூசம். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அது அப்படியே இருந்தது.

நான் ஆயில்யம். முப்பத்து மூன்று வயது வரை ஆயில்யம். ஆயில்யத்துப் பெண் மருமகளாக வந்தால் மாமியார் தங்கமாட்டாள் என்று இந்த ஊர் நம்புகிறது, என் அப்பா உட்பட. வந்த மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் காபி வரைக்கும் நன்றாகத்தான் இருப்பார்கள். நட்சத்திரத்தைக் கேட்டதும் அந்தந்த வீட்டு அம்மாவின் முகம் மாறும். ஈரோட்டிலிருந்து வந்த ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: "பொண்ணு தங்கமாத்தான் இருக்குது. ஆனா எனக்கு இன்னுங் கொஞ்ச நாளு இருக்கோணும்னு ஆசைங்க." அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. யாருக்குத்தான் ஆசை இருக்காது? நான் உள்ளே போய் டம்ளரைக் கழுவினேன்.

கடைசியில் தரகர் ஒரு வழி சொன்னார், மாமியார் இல்லாத வீடாகப் பார்ப்பது என்று. அப்படி வந்ததுதான் லோகநாதன் வீடு. முதல் நாள் அவருடைய அப்பா உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "அம்மா இல்லைங்க" என்றார். எங்கள் அப்பா முகம் பளிச்சென்று மலர்ந்துவிட்டது. அப்புறம்தான் சுதாரித்துக்கொண்டு "அடடா" என்றார். அன்றைக்கு நினைத்து நினைத்துச் சிரித்தேன். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

பூசமாம்.

ஜூன் 16, ஞாயிறு

அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அவரும் மூன்று தடவை அடித்தார்.

பிறகு நானேதான் கண்டுபிடித்தேன். ஒரு மூலையில் 'கணித முறை' என்று இருந்தது. அதில் இரண்டு கட்டம்: திருக்கணிதம், வாக்கியம். திருக்கணிதத்தில் டிக் இருந்தது. வாக்கியத்தில் டிக் அடித்தால் நான் ஆயில்யம். எடுத்துவிட்டால் பூசம். நான் பிறந்த நிமிஷத்தில் ஒரு பஞ்சாங்கத்தின்படி பூசம் இன்னும் முடியவில்லை, இன்னொன்றின்படி ஆயில்யம் தொடங்கிவிட்டது. இரண்டு பஞ்சாங்கமும் நாட்டில் நடப்பில் இருப்பவைதான். அப்பா வாக்கியக்காரர். சிடி வாங்கிய அன்றைக்கு அதில் ஒரு டிக் அடித்திருக்கிறார், அத்தோடு மறந்துவிட்டார்.

"டிக் அடிச்சா மாறறதெல்லாம் ஒரு நட்சத்தரமா?" என்று அப்பா கத்தினார். எனக்கும் அதே கேள்விதான். நான் கத்தவில்லை.

அம்மா கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார். "அப்ப ஈரோட்டுக்காரியப் போன் போட்டுக் கூப்புடலாமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அம்மா கேலி செய்கிறாரா, நெஞ்சு எரிந்து கேட்கிறாரா என்பது முப்பது வருஷமாக எனக்கு விளங்கியதில்லை.

அப்பா அதோடு நிற்கவில்லை. பூசத்தை வைத்துக்கொண்டு லோகநாதனின் ஜாதகத்தோடு பொருத்தம் பார்த்தார். அவர் அனுஷம். பூசமும் அனுஷமும் ஒரே ரஜ்ஜு. ரஜ்ஜு தட்டினால் புருஷனின் ஆயுசுக்கு ஆகாது என்பது அப்பாவின் கணக்கு. ஆக, நான் ஆயில்யமாக இருந்தால் மாமியாருக்கு ஆகாது, பூசமாக இருந்தால் மாப்பிள்ளைக்கு ஆகாது. எப்படி இருந்தாலும் யாரையாவது அனுப்பாமல் விடமாட்டேன் போலிருக்கிறது.

அப்பாவின் குரல் இறங்கிவிட்டது. "பழசையே போட்டுரு அம்மிணி. அதுல ஒரே பதில்தான் வரும்" என்றார். மாமியார் இல்லாத வீட்டுக்கு ஆயில்யம்தானே சௌகரியம் என்பதை அவர் சொல்லவில்லை, எனக்குப் புரிந்தது.

ஆபீசில் இருபதாம் தேதிக்குள் ஜிஎஸ்டி எல்லாம் ஏற்றியாக வேண்டும், அது முடியட்டும் என்றேன். பழையதற்குப் போவது ஒரு பொத்தான் வேலை. அப்பாவுக்கு அது தெரியாது. எனக்கு ஒரு வாரமாவது பூசமாக இருந்து பார்க்க ஆசை, அவ்வளவுதான்.

சாயங்காலம் லோகநாதன் பேசினார். ஞாயிற்றுக்கிழமை என்றால் அம்மாவிடம் போய்விட்டு வந்துவிடுவார். இன்றைக்கு மாம்பழம் வாங்கிக்கொண்டு போனாராம், அம்மாவுக்குச் செந்தூரம்தான் பிடிக்கும் என்றார். செத்துப்போனவருக்கு ருசி பார்த்து வாங்கிப் படைக்கிற பிள்ளையை நான் பார்த்ததில்லை. எங்கே என்று கேட்க மனம் வரவில்லை. சமாதியைப் பற்றியெல்லாம் கல்யாணத்துக்கு முன்னால் கேட்கக் கூடாது.

நட்சத்திர விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை.

ஜூன் 17, திங்கள்

ஆபீசுக்குப் பூசமாகப் போனேன். யாருக்கும் தெரியவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

வரும் வழியில் பிள்ளையார் கோயிலில் அர்ச்சனை. பூசாரி பெயர் கேட்டார், சொன்னேன். நட்சத்திரம் கேட்டார். பூசம் என்றேன். அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டார். ஒரு பூசாரியிடம் என் நட்சத்திரத்தைச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நிற்கிற பெண்களைத் திரும்பிப் பார்க்காமல் இருந்தது இதுதான் முதல் தடவை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, கற்பூரப் புகை.

வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டில் சிலிண்டர் கடன் வாங்கிச் சமையல்.

ஜூன் 19, புதன்

உறுதி வார்த்தைக்குப் பத்திரிகை அடிக்க வேண்டும். பெரியப்பா மகன் கல்யாணப் பத்திரிகை கம்ப்யூட்டரில் இருந்தது, அதையே திருத்திக்கொள்ளலாம் என்று திறந்தால், பழைய எழுத்துரு புது விண்டோசில் இல்லை. பத்திரிகை முழுக்க ஆங்கில எழுத்தும் கமாவும் சிதறிக் கிடந்தது. முதல் வரியிலிருந்து நானே அடித்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் பெயர்களை அப்பா சொல்லச் சொல்ல அடித்தேன். லோகநாதனின் அம்மா பெயர் வசந்தாமணி. வெறுமனே போட்டால் மரியாதையாக இருக்காது என்று, போய்ச் சேர்ந்தவர்களுக்குப் போடுகிற மாதிரி 'தெய்வத்திருமதி வசந்தாமணி' என்று போட்டேன். அந்த ஒரு வரியை மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தாக்கினேன். லோகநாதனுக்குப் பிடிக்கும்.

மாப்பிள்ளையின் அப்பாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினோம். ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது: எல்லாம் சரிதானுங்க. லோகநாதன் ஊத்துக்குளிக்குப் பம்ப் மாட்டப் போயிருந்தார், அவருக்கும் அனுப்பியிருக்கிறேன்.

ஜூன் 20, வியாழன்

ஆபீசில் ஜிஎஸ்டி ஏற்றக் கடைசி நாள். சர்வர் படுத்துவிட்டது. பதினொரு மணிக்கு லோகநாதன் அழைத்தார். பகலில் அவர் அழைப்பதே இல்லை. எழுந்து ஜெராக்ஸ் அறைக்குள் போனேன்.

"எங்கம்மா உசுரோட இருக்காங்க வாணி" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்னங்க என்றேன்.

"எங்கம்மா சிங்காநல்லூர்ல இட்லி மாவு அரைச்சு வித்துட்டு இருக்காங்க. நீங்க அவங்களத் தெய்வமாக்கி வெச்சிருக்கறீங்க."

ஜெராக்ஸ் மிஷினைப் பிடித்துக்கொண்டேன். உங்கள் அப்பாதான் அம்மா இல்லை என்று சொன்னார் என்றேன். சொல்லும்போதே எனக்கு உறைத்துவிட்டது. இல்லை என்றார். செத்துவிட்டார் என்று சொல்லவேயில்லை. அந்தச் சொல்லை நாங்களாகத்தான் அப்படி எடுத்துக்கொண்டோம், எங்களுக்கு அதுதான் தோதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, மாம்பழம், செந்தூரம். ஒரு மனுஷர் பஸ் ஏறிப் போய் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு வந்ததை, நான் படையல் என்று நினைத்து உருகியிருக்கிறேன். வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது.

அவர் கோபமாகப் பேசவில்லை, அதுதான் இன்னும் கஷ்டம். அவருக்குப் பதினைந்து வயதாக இருக்கும்போது அம்மாவை வீட்டை விட்டு அனுப்பிவிட்டார்களாம். காரணத்தை அம்மாவே சொல்வார் என்றார். தரகர் எங்களிடம் சொல்லியிருப்பார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாராம். அவருடைய அப்பா இருபத்திரண்டு வருஷமாக எல்லோரிடமும் இல்லை என்றே சொல்லிச் சொல்லி, இப்போது பத்திரிகையில் அதைப் பார்த்தும் சரிதானுங்க என்றுவிட்டார். "அதப் படிச்சதும் எனக்குக் கையுங் காலும் ஓடலீங்க" என்றார் லோகநாதன். அவர் அழுதார் என்று நினைக்கிறேன்.

நட்சத்திர விஷயம் முழுவதையும் அப்போதுதான் சொன்னேன். பூசம், ஆயில்யம், டிக், ரஜ்ஜு, பழையதற்குத் திரும்ப ஞாயிறோடு முடிகிற கெடு, எல்லாம். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டார்.

சர்வர் மாலை வரை எழுந்திருக்கவில்லை.

ஜூன் 21, வெள்ளி

அம்மா அப்பாவிடம் சொன்னேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

அம்மாதான் முதலில் பேசினார். அந்த வீட்டுச் சுவரில் மாலை போட்ட படம் ஒன்றுகூட இல்லையே என்று போய் வந்த அன்றைக்கே தோன்றியதாம். ஏன் சொல்லவில்லை என்று அப்பா கேட்டதற்கு, "சொல்லியிருந்தா நீங்க போட்டோ மாட்டச் சொல்லியிருப்பீங்க" என்றார்.

அப்பா இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்றுவிட்டார். ஆயில்யம் என்றால் அந்த அம்மாவுக்கு ஆகாது, பூசம் என்றால் அந்தப் பையனுக்கு ஆகாது, தெரிந்தே ஒரு வீட்டில் சாவைக் கொண்டுபோய் வைக்க மாட்டேன் என்றார். அவர் கெட்டவர் இல்லை. நிஜமாகவே நடுங்குகிறார். இதை எழுதும்போதும் எனக்கு அவர்மேல் ஆத்திரமாகத்தான் வருகிறது.

எனக்கு ஒன்றும் இல்லை. எத்தனையோ பார்த்தாயிற்று, இதுவும் போகட்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா என் தட்டைப் பார்த்தார். நான் சோறே போட்டுக்கொள்ளவில்லை.

ஜூன் 22, சனி

இன்றைக்கு லோகநாதன் போன் பண்ணவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

காலையிலேயே வாசலில் பைக் சத்தம். லோகநாதன் இறங்கினார். பின்னாலிருந்து இறங்கியவரைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, அதே நெற்றி, அதே கண். மூடி போட்ட தூக்குப் போசி ஒன்றைக் கையில் பிடித்திருந்தார். உயிரோடு இருக்கிற ஒருவரைப் பார்த்து எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் பெரிய எழுத்தில் அடித்த பெயர் எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, உள்ள வரலாங்களா?" என்று கேட்டார்.

அம்மா ஓடிப்போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தார். போசியில் இட்லி மாவு. வெறுங்கையோடு எப்படி வருவது என்று கொண்டுவந்தாராம். அப்பா எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். பத்திரிகைக்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். வந்தவரே அப்பாவைக் காப்பாற்றினார். நீங்கள் என்ன பண்ணுவீர்கள், சொன்னதைத்தானே போட்டீர்கள் என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தார். டம்ளரைப் பிடித்திருந்த விரல் இடுக்கெல்லாம் ஊறி வெளுத்திருந்தது.

அப்பா ஒருவழியாக ஆரம்பித்தார். எதையும் மறைக்கக் கூடாது, பெண் ஆயில்யம், உங்களுக்குத்தான் ஆகாது என்றார். அந்தக் கடைசிச் சொல் சரியாக வெளியே வரவில்லை.

"எனக்குத்தானுங்களே ஆவாது? நா சரிங்கறேன். அப்பறம் என்னுங்க" என்றார்.

இவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் இப்படி ஒருவர் சொல்லலாம் என்று எங்கள் யாருக்கும் தோன்றியதே இல்லை. லோகநாதன் என்னைப் பார்த்தார். நான் பார்க்கவில்லை. சரி, பார்த்தேன்.

அம்மாதான் மெல்லக் கேட்டார், ஏன் தனியாக இருக்கிறீர்கள் என்று. அவர் சர்வ சாதாரணமாகச் சொன்னார். அவர் மூல நட்சத்திரம். மூலத்துப் பெண் மாமனாருக்கு ஆகாது என்பார்கள். கல்யாணத்தின்போது யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பதினாறு வருஷம் குடும்பம் நடத்திய பிறகு மாமனார் மாரடைப்பில் போய்விட்டார். யாரோ ஜாதகத்தைத் தோண்டி எடுத்தார்கள். "காரியம் முடிஞ்ச அன்னைக்கே எம்பொட்டியத் தூக்கி வாசல்ல வெச்சுட்டாங்க. பையனப் படிக்கோணும்னு விட்டுட்டு வந்தேன்." புருஷன் தடுக்கவில்லையா என்று அம்மா கேட்டார். அவர்தான் பெட்டியைத் தூக்கியது என்றார்.

அப்பாவை அப்படி நான் பார்த்ததே இல்லை. முகத்தில் ரத்தமே இல்லை. மூலம் என்றால் மாமனாருக்கு ஆகாது என்று இதே நாற்காலியில் உட்கார்ந்து எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார். திடீரென்று கம்ப்யூட்டரைப் போட்டார். வாக்கியத்தைத் தவிர வேறொன்றைத் தொடாத அந்த மனுஷர், "பொறந்த தேதியும் நேரமும் சொல்லுங்கம்மா. இதுல இன்னொரு கணக்கு இருக்குது. ஒருவேளை நீங்க மூலமே இல்லாமக்கூட இருக்கலாம்" என்றார். கெஞ்சுகிற மாதிரி இருந்தது. எங்கள் வீட்டில் திருக்கணிதத்துக்கு வந்த மரியாதை அது.

அத்தை, இனி அவரை அப்படித்தானே சொல்ல வேண்டும், எழுந்து வந்து என் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்தார். தேதிக்கு ஒரு கட்டம், நேரத்துக்கு ஒரு கட்டம், காலியாக இருந்தன. அவருக்கு நேரம் தெரியும் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. வேண்டாங்க என்றார். அப்பா இன்னொரு தடவை கேட்டார். அதற்கும் வேண்டாங்க.

"பழசுக்குப் போறதுக்கு இன்னைக்குத்தான் கடசீன்னு லோகு சொன்னான். அதையே போட்டுரு கண்ணு" என்று என்னிடம் சொன்னார்.

நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். ஒரு வாரம் பூசமாக இருந்தது போதும். ஆயில்யம் யாருக்கு ஆகாதோ அந்த ஒருவரே என்னை வேண்டும் என்றுவிட்டார். திரும்பிப் போகிற பொத்தானைத் தேடி அமுக்கினேன். உடனே போய்விடவில்லை. ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வந்தது, கீழே வரிசையாகக் காரணங்கள், கடைசியில் எழுதுவதற்கு ஒரு பெட்டி.

"என்னமோ கேக்குதே கண்ணு?"

"எதுக்குப் பழசுக்குப் போறீங்கன்னு கேக்குதுங்க அத்தை."

அத்தை குனிந்து அந்தப் பெட்டியைப் பார்த்தார்.

"நா மூலமே இல்லீன்னு இது காட்டிப் போட்டா, இருவத்திரண்டு வருசத்த நா ஆருகிட்டப் போயிக் கேக்கறது? அதுக்குத்தான்னு சொல்லீரு" என்றார்.

லோகநாதன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பெட்டியில் கோடு மினுக் மினுக்கென்று நின்றது. இதை எந்த மொழியில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றும் எழுதாமல் அடுத்ததை அமுக்கினேன்.